தூங்குமூஞ்சி மரத்தடிக் கூட்டணி

தாமுவே, ரங்கூன்
18 மே 2008

அன்புத் தம்பி அருள்ஜோதிக்கு,

உயிரோடு இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய்.

ஏழு வருஷமாக நமக்குள் கடிதம் இல்லை. அம்மாவின் அடக்கத்துப் படத்தை உனக்கு அனுப்பினேன். பெட்டியைச் சுமந்த நான்கு பேரில் நம் வார்டு தலைவர் ஊ மியா தௌங்கும் இருந்தார். "அந்த ஆளின் தோளிலா அம்மாவை அனுப்பினாய்?" என்று ஒரே வரி எழுதினாய். அதோடு சரி. எனக்கும் ரோஷம். இப்போது புயல் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

அன்று விடிந்ததும் கதவைத் திறந்தேன். தெருவைக் காணோம். இலைதான் இருந்தது, முழங்கால் உயரத்துக்கு. ஈரப் பச்சை வாசனை. கூரை இழந்தவர்கள்கூட மெதுவாக, தண்ணீருக்குள் நடப்பவர்கள்போல நடந்தார்கள். நம் தெருவில் பதினான்கு மரம் விழுந்துவிட்டது. அதனால் வெயில் வீட்டுக்குள் அப்பாவின் புத்தக அலமாரி வரை வருகிறது. இத்தனை வெளிச்சத்தில் எனக்கு என் வீடே அடையாளம் தெரியவில்லை.

முனையில் இருக்கும் தூங்குமூஞ்சி மரம் மட்டும் நிற்கிறது. ஒரு பக்க வேர் மேலே வந்து சாய்ந்து நிற்கிறது. அதன் அடியில்தான் தெருவின் ஒரே கைப்பம்பு. கரண்ட் இல்லாததால் இருநூறு குடும்பத்துக்கு அந்தத் தண்ணீர்தான். மரத்தை வெட்ட வார்டு ஆபீஸ் ஆட்கள் ரம்பத்தோடு வந்தார்கள். நான் போய் நின்றேன். ஊ மியா தௌங், எல்லாரையும்போல என்னைப் பர்மியில் டீச்சர் என்று கூப்பிட்டு, "சயாமா, இது விழுந்து நாலு பேரு செத்தா யாரு பதில் சொல்றது?" என்றார். மூன்று நாள் தவணை கேட்டேன். கொடுத்தார்.

பாஸ்டர் மகள் ஷாரோன் பாங்காக்கில் வேலை பார்க்கிறாள். இதை அங்கிருந்து தபாலில் போடுவாள். நீயும் அவள் விலாசத்துக்கே எழுது. யாரும் பிரிக்க மாட்டார்கள்.

உன் அக்கா
பெர்சிஸ்


ஹாம்பர்க்
9 ஜூன் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலம் என்று அறிந்தேன். இரண்டு வாரமாகத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து, வெள்ளத்தின் நடுவே நம் வீட்டுக் கூரையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவரிடம் தவணை கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. எண்பத்தெட்டு செப்டம்பரில் ராணுவம் தெருவுக்குள் வந்தபோது மாணவர்கள் பெயரைக் கொடுத்தது அவர். என் பெயரும் அதில் இருந்தது, எதிர்வீட்டு பர்கத்துல்லாவின் பெயரும் இருந்தது. நான் படகேறி எல்லை தாண்டினேன். பர்கத் பிடிபட்டான். தொண்ணூற்று நான்கில் சிறையில் செத்தான். உடலைக்கூடக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவரோடு பேச்சுவார்த்தையா?

இதைக் கோபமாக எழுதிவிட்டு நிறுத்தத்தான் நினைத்தேன். முடியவில்லை. எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது.

நான் துறைமுகத்தில் கண்டெய்னர் கிடங்கில் எழுத்தராக இருக்கிறேன். இங்கே பசுமைக் கட்சியில் பத்து வருஷமாக உறுப்பினர். ஹாம்பர்க் ஒரு நகரம், ஆனால் தனி மாநிலமும்கூட. பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பழமைவாதக் கட்சிக்கு இங்கே கறுப்பு நிறம் என்பது வழக்கம். கறுப்பும் பச்சையும் சேர்ந்து ஆட்சி அமைப்பதாகப் பேச்சு வந்தது. ஒரு மாநில அரசில் இந்த இரண்டு கட்சியும் சேர்வது ஜெர்மனியில் இதுவே முதல் தடவை. எங்களைப் போன்ற அகதிகளைத் திருப்பி அனுப்பு என்று பேசி வளர்ந்த கட்சி அது. ஒப்பந்தத்தை ஏற்கலாமா என்று ஏப்ரல் கடைசியில் உறுப்பினர்களைக் கூட்டிக் கேட்டார்கள்.

மண்டபம் நிறைய ஜனம். ஒரு பெண் அழுதாள். ஒருவர் எழுந்து வெளியே போனார். எனக்கு நதிக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது, எல்லாக் குரலும் தண்ணீர் வழியாக வருவதுபோல. என் வீட்டுக்கு எதிர்க்கரையில் ஒரு நிலக்கரி மின்நிலையம் கட்டுகிறார்கள். ஆட்சியில் இருந்தால் அதை நிறுத்தலாம் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். எல்லாக் குழந்தைகளும் ஆறாம் வகுப்பு வரை சேர்ந்து படிக்கும் பள்ளி வரும் என்றார்கள். 'சம்மதம்' என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது என் கை மேலே போயிருந்தது.

நான் தூக்கினேனா, அதுவாகப் போனதா என்று இன்னும் தெரியவில்லை.

தம்பி
அருள்ஜோதி


தாமுவே
27 ஜூலை 2008

அன்பு அருள்,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். யாரோ பெரியம்மாவுக்கு வந்த கடிதம் என்று ஓரமாக வைக்கப் பார்த்தேன்.

நீ உன் கூட்டணியைப் பற்றிச் சொல்லிவிட்டாய், நானும் என்னுடையதைச் சொல்கிறேன். சிரிக்காதே. 'மரத்தடிக் குழாய்க் குழு' என்று பெயர். ஐந்து பேருக்கு மேல் கூடினால் இங்கே குற்றம். அதனால் வார்டு தலைவரின் அனுமதி இல்லாமல் மரத்துக்கு ஒரு கூடை மண் போடக்கூட ஆள் சேர்க்க முடியாது. அவருக்கும் நாங்கள் வேண்டும். பம்பு பாழானால் மேலிடத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆக, மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் மொஹிங்காக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். வார்டு ஆபீஸ் பெயரைப் பலகையில் மேலே போட வேண்டும், அரசியல் பேசக் கூடாது. இது அவருடைய நிபந்தனை. மரத்தை வெட்டக் கூடாது, பம்பு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். இது என்னுடையது. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

குழுவில் ஒன்பது பேர். அதில் நூருன்னிசாவும் இருக்கிறாள். ஆமாம், பர்கத்தின் தங்கைதான். வேண்டாம் என்று நானே சொன்னேன். "அக்கா, அந்தாளு மேல உள்ள கோவம் எனக்குத் தீராது. அதுக்காகத் தண்ணி பிடிக்காம இருக்க முடியுமா?" என்றாள். அதற்குமேல் ஒன்று செய்கிறாள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் எழுந்து அவரிடம் ஒரே கேள்வி கேட்கிறாள்: "எங்கண்ணன எங்க வெச்சாங்க?" அவர், "எனக்குத் தெரியாது, மா நூரு" என்கிறார். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

மே இருபத்துநான்கில் இங்கேயும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது, புது அரசியல் சட்டத்துக்கு. கூரையில்லாத வீடுகளிலிருந்து ஈரத் துணியோடு போய் வரிசையில் நின்றோம். மேசைக்குப் பின்னால் ஊ மியா தௌங் நின்றார். நான் என்ன போட்டேன் என்று கேட்காதே. நீ கையைத் தூக்கினால் நூறு பேர் பார்க்கலாம், பிறகு அக்காவுக்கு எழுதலாம். நான் போட்டது எனக்கும் அந்தச் சீட்டுக்கும் மட்டுமே தெரியும்.

பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் ஒரு சந்தேகம். பழமைவாதிகளை இங்கிலீஷில் 'கன்சர்வேடிவ்' என்கிறோம். காப்பவர்கள் என்று அர்த்தம். பச்சைக்காரர்களும் காப்பவர்கள்தானே? இரண்டு பேரும் காப்பவர்கள் என்றால், எதை யாரிடமிருந்து என்பதில்தான் சண்டையா?

மழை பெய்யும்போது மரம் இலைகளை மூடிக்கொண்டு நிற்கிறது. கையைக் கூப்பிக்கொண்டு தூங்குவதுபோல.

பெர்சிஸ்


ஹாம்பர்க்
12 அக்டோபர் 2008

அக்கா,

நீ கேட்டதற்குப் பதில் இருந்தது. எழுதுவதற்குள் பதில் மாறிவிட்டது.

போன மாதக் கடைசியில் மின்நிலையத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டது எங்கள் கட்சி அமைச்சரே. சட்டப்படி மறுக்க வழியில்லை, நதித் தண்ணீர் எடுப்பதில் கட்டுப்பாடுகள் மட்டும் போட முடிந்தது என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காலையில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனிக்கு மேலே அந்தக் கட்டடம் மட்டும் மிதக்கிறது. கீழே தரை இல்லாமல் நிற்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கிறேன்.

நான் குடியிருக்கும் ஆற்றுத் தீவில் கறுப்புக் கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார், பெட்டர்ஸன் என்று பெயர். கப்பலுக்கு வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறுகளில் அகதிகள் வேண்டாம் என்று எங்கள் குடியிருப்பு வாசலிலேயே துண்டறிக்கை கொடுத்தவர். இப்போது கூட்டணி என்பதால் கரையோர மரங்களுக்கான கமிட்டியில் என் பக்கத்து நாற்காலி அவருக்கு. "சட்டம்னா சட்டம்தான், ஆருல். உங்க ஆளுங்க அதை மதிச்சாங்க. எனக்கு அவங்க மேல மரியாதை கூடிப்போச்சு" என்றார். அவர் மரியாதை எனக்கு வலித்தது.

கட்சியை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். என் கையைப் பார்த்தாலே பிடிக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ அந்த மனிதரோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறாய். ஒரு தடவையாவது நேராகக் கேள். எங்கள் பெயரை ஏன் கொடுத்தார்?

அருள்


தாமுவே
22 பிப்ரவரி 2009

அருள்,

கேட்டேன். கேட்கவே நான்கு மாதம் ஆகிவிட்டது.

மதிய வேளை. மரத்தின் வேர்ப்பக்கம் மண் அணைத்துக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இலை உதிர்ந்துகொண்டே இருந்தது. மஞ்சள் பொடிபோல அவர் தலையிலும் என் தலையிலும் விழுந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, "என் தம்பி பேர நீங்கதான் கொடுத்தீங்களா?" என்றேன்.

தெரியும் அல்லவா, அவர் இந்தத் தெருவிலேயே வளர்ந்தவர். உடைந்த தமிழ் பேசுவார். எப்போதும் என்னிடம் பர்மியில்தான் பேசுவார். அன்று தமிழில் சொன்னார்: "கொடுத்தேன். அஞ்சு ஆளோட பேரு கேட்டாங்க. இல்லேன்னா வீடு வீடா ஏறுவோம்னாங்க. யாரு போயிட்டாங்கன்னு பார்த்தேன். போயிட்டவங்க பேரத்தான் கொடுத்தேன். உன் தம்பி முத நாளே போயிட்டான். பர்கத்தும் அவன்கூடப் போயிட்டான்னு நெனச்சேன்."

பர்கத் போகவில்லை, அருள். அவன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறான். அது ஊ மியா தௌங்குக்குத் தெரியாது. மறுநாள் அவனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனபோதுதான் தெரிந்ததாம். இருபது வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

நான் நம்புகிறேனா? எனக்கே தெரியவில்லை. சொல்லும்போது அவர் அழவில்லை. மண்வெட்டியை எடுத்து மறுபடி கொத்தத் தொடங்கினார். அழுதிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலமே நூருன்னிசாவிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க எனக்கு உரிமையில்லை. அவள் ரொம்ப நேரம் பம்பை அடித்துக்கொண்டே இருந்தாள். குடம் நிறைந்து வழிந்தது. "சரிக்கா. ஏன் கொடுத்தாருன்னு தெரிஞ்சுபோச்சு. எங்க வெச்சாங்கன்னு இன்னும் தெரியலியே" என்றாள்.

கட்சியை விடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். விட்டால் உன் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று யோசித்துவிட்டு விடு.

பெர்சிஸ்


ஹாம்பர்க்
5 ஏப்ரல் 2009

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நதிக்கரையில் நடக்கிறேன்.

படகுத்துறையில் பர்கத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தேன். படகுக்காரர் இன்னொரு மணி நேரம் இருக்கலாம் என்றார். நான்தான் புறப்படுங்கள் என்றேன். பயம். இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மனிதரை வெறுத்துக்கொண்டே இருந்தால் இதை நினைக்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன்.

கனவில் இந்த நதியில் கால் வைத்தால் நம் தெரு முனையில் கரையேறுகிறேன். பர்கத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறான். என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நூருன்னிசாவிடம் சொல்ல வேண்டுமா என்பதை நீயே முடிவு செய்.

அருள்


தாமுவே
29 ஆகஸ்ட் 2010

அன்பு அருள்,

உன் பழைய கடிதத்தைப் போன வருஷமே நூருன்னிசாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் ஏறாம இருந்திருந்தா இப்ப ரெண்டு பேரத் தேடிக்கிட்டு இருப்போம். ஒழுங்காச் சாப்பிடச் சொல்லுங்க" என்றாள். உனக்குப் பதில் எழுத முடியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கையில் இருந்துவிட்டேன், முதுகுத்தண்டில் கோளாறு. இப்போது நடக்கிறேன். உங்கள் பள்ளிக்கூடத் திட்டத்தைப் பொது வாக்கெடுப்பில் ஜனங்களே தோற்கடித்துவிட்டதாகவும் மேயர் விலகுவதாகவும் ஷாரோன் சொன்னாள். உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

இங்கே நடந்ததைக் கேள். ஜூலையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தெருவை அகலப்படுத்த வேண்டும், மரத்தை எடுக்க வேண்டும். ஊ மியா தௌங் காகிதத்தைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். நம் ஒரு பக்க ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்தார். "இது பெரிசு, அது சின்னது. நான் என்ன செய்யட்டும், சயாமா?" பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் தச்சரோடு வந்தார். கையில் சிவப்பு வண்ணம் அடித்த ஒரு சின்ன மர வீடு. மரத்தில் குடியிருக்கும் 'நாட்' தேவதைக்குப் பர்மியர்கள் வைப்பது. "இத மாட்டிட்டா எந்த ஆபீசரும் ரம்பம் வைக்க மாட்டான். அவங்களுக்கும் பயம் உண்டு. ஆனா குழு சம்மதிக்கணும்" என்றார்.

யோசித்துப் பார். மெதடிஸ்ட் வீட்டுப் பெண் நான். நூருன்னிசா ஐந்து வேளை தொழுகிறவள். நாங்கள் ஒரு நாட் வீட்டுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும்! பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "பெர்சிஸ், இதென்ன கூத்து?" என்றார். "பாஸ்டர், நான் கும்பிடப் போகல. ஆணி அடிக்கறப்ப ஏணியப் பிடிச்சேன், அவ்வளவுதான்" என்றேன். நூருன்னிசா ஏணியைக்கூடத் தொடவில்லை. "நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன். மாட்டி முடிச்சதும் சொல்லுங்க" என்று மசூதிப் பக்கம் பார்த்து நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளுக்கும் வந்தது. ஊ மியா தௌங் ஏணி மேலேயே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஆபீசர் வந்தார், பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தெரு மரத்தைச் சுற்றி வளைந்து போகும் என்று எழுதிக்கொண்டு போனார். இப்போது காலையில் யாரோ தேங்காயும் வாழைப்பழமும் வைக்கிறார்கள். அணில் தின்கிறது. அடிமரத்தில் யாரோ கட்டிய இளஞ்சிவப்புத் துணி காற்றில் ஆட, மரம் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல நிற்கிறது.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்த மரத்தை நான் தனியாகக் காப்பாற்றியிருக்க முடியாது. அவர் தனியாகக் காப்பாற்றியிருக்கவும் மாட்டார்.

பெர்சிஸ்


ஹாம்பர்க்
30 நவம்பர் 2010

அக்கா,

முந்தாநாள் எங்கள் கட்சி கூட்டணியை விட்டு வெளியே வந்துவிட்டது. இரண்டரை வருஷம். மேயர் மாறினார், அமைச்சர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், பேச்சும் நின்றுபோனது. சீக்கிரம் தேர்தல் வரும். எங்கள் ஆட்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், ஏதோ வியாதி தெளிந்ததுபோல. நானும் அவர்களோடு சிரித்தேன்.

நேற்று முதல் பனி. பேக்கரி வாசலில் பெட்டர்ஸன் நின்றிருந்தார். கையில் ரொட்டிப் பை, தோளெல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார். இனி இந்த ஆளோடு பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிட்டேன். பத்தடி போனதும் திரும்பிப் பார்த்தேன். தொப்பியை இன்னும் கையிலேயே வைத்திருந்தார்.

மின்நிலையம் வளர்கிறது. பள்ளி வரவில்லை. கமிட்டியில் நாங்கள் நட்ட நாற்பது வில்லோ மரம் மட்டும் கரையில் நிற்கிறது. இதற்காகவா கை தூக்கினேன்? நீ சொல். உன் கூட்டணியில் கட்டாயம் போனபிறகு என்ன மிஞ்சும்?

அருள்


தாமுவே
27 டிசம்பர் 2010

அன்பு அருள்,

நேற்று ஷாரோன் கிறிஸ்துமஸ் கேக்கோடு உன் கடிதத்தையும் கொண்டுவந்தாள். உன் கேள்விக்கு நேற்றே இங்கே பதில் நடந்துவிட்டது. அதனால் உடனே எழுதுகிறேன்.

போன மாதம் இங்கே நடந்த தேர்தலுக்குப் பிறகு ஊ மியா தௌங்கைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாட் வீடு கட்டியதற்கா, நம் வார்டு மேலிடம் சொன்னபடி வாக்களிக்காததற்கா, வயதாகிவிட்டதற்கா என்று யாருக்கும் தெரியாது. புதுத் தலைவர் இளைஞர். கூட்டத்துக்கு அனுமதி என்று ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

நேற்று மதியம் குழு கூடியது. பழைய தலைவர் பெஞ்சில் உட்காரவில்லை. லோங்ஜியை இழுத்துக் கட்டிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். "இனி இவர் எதுக்கு?" என்றார் சைக்கிள் கடை முத்து முகம்மது. அது நியாயமான கேள்வி. கை தூக்கி முடிவு செய்யலாம் என்றேன். அவர் இருக்கட்டும் என்று நான்கு கை, வேண்டாம் என்று மூன்று. அவருக்கு வாக்கு இல்லை. நூருன்னிசா மட்டும் கை தூக்கவில்லை. அவளுடைய கையும் எதிராகப் போனால் நாலுக்கு நாலு. குழு விதிப்படி சமமானால் அவர் போக வேண்டியதுதான்.

எல்லாரும் அவளைப் பார்த்தோம். இளவெயில். இலைகள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. பம்பிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒவ்வொன்றாகக் கேட்டது.

அவள் எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"இருக்கட்டும்" என்றாள். "போயிட்டா நான் யாருகிட்ட கேக்கறது?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இப்ப உங்களுக்கு நாற்காலி இல்ல, ஊ மியா தௌங். இனிமே சொல்லலாம்ல? எங்கண்ணன எங்க வெச்சாங்க?"

இந்தத் தடவை அவர், "எனக்குத் தெரியாது" என்று சொல்லவில்லை. பெஞ்சு நுனியில் வந்து உட்கார்ந்தார். முழங்காலில் கை வைத்துக்கொண்டு, தமிழில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தார்.

"மாவ்பி தாண்டி ஒரு இடம். பேர்ப்பலகை இல்ல. வண்டிக்கார ஆளு ஒருத்தன் அப்ப எனக்குச் சொன்னான். நான் ஒரு தடவ போயிப் பார்த்தேன். ஒரு கல்லு வெச்சுட்டு வந்தேன். சொன்னா என் வேல போயிடும்னு சொல்லல. வேற காரணம் இல்ல. நாளைக்கு வரியா, கூட்டிட்டுப் போறேன்."

நூருன்னிசா அழவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவும் இல்லை. "எத்தன மணிக்கு பஸ்?" என்றாள்.

முதல் பஸ் ஆறு மணிக்கு. இன்று காலை போகவேண்டியது, ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மதியம் காய்ச்சல் விட்டுவிட்டது. நாளை போகிறோம், மூன்று பேரும். அந்தக் கல் இருக்குமா, இடம் அடையாளம் தெரியுமா, எதுவும் தெரியாது.

நீ பெட்டர்ஸனிடம் போ. தொப்பியைத் தலையில் வைத்துக்கொள்ளச் சொல், குளிரில் நிற்கிறார்.

நூருன்னிசா வாசலில் கூப்பிடுகிறாள். சந்தை மூடுவதற்குள் மல்லிகை வாங்கவேண்டுமாம்.

பெர்சிஸ்